கொதிக்கும் எஞ்சினும் கொஞ்சம் பொறுமையும்

"பதறாத காரியம் சிதறாது" என்பது பெரியோர் வாக்கு. இதன் உண்மையைக் கடந்த மே மாத விடுமுறையில் கொடைக்கானல் மலைப்பாதையில் நாங்கள் நேரிலேயே கண்டோம்.

வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்த எங்கள் பழைய காரின் வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானட்டின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. மாமா வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஆனால், அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டார். சீறியெழுந்த கொதிநீர் அவருடைய முன்கையைப் பொசுக்கியது. கையிலிருந்த குடிநீரையெல்லாம் புண்ணின்மேல் ஊற்றியபடியே மருத்துவமனைக்கு விரைந்தோம். எங்கள் உல்லாசப் பயணம் அங்கேயே முடிந்தது.

ஏன் இப்படி நேர்ந்தது? நம் வீட்டுப் பிரஷர் குக்கரை நினைத்துப் பாருங்கள், தோழியரே! திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், அழுத்தம் மிகுந்த மூடிய ரேடியேட்டரில் அதற்கு மேலும் கொதிக்காமல் சூடேறும். மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் குறைய, நீர் ஒரே நொடியில் ஆவியாகிப் பீறிடும். ஆகவே எஞ்சினை நிறுத்தி, குறைந்தது அரை மணி நேரமாவது, நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடவே கூடாது.

வீடு திரும்பியபின், 40 ஆண்டுகள் லாரி ஓட்டிய எங்கள் தாத்தா, "வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்" என்று கற்பித்தார். அந்த வரிசை இதோ:

முதலாவது, நீர். அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். நீரை நிரப்பி, சற்று நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தியபின், வண்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால் கசியும் இடம் தெரியும்.

இரண்டாவது, விசிறி. பழைய வண்டிகளில் அதன் பெல்ட் தளர்ந்தோ வெடித்தோ இருக்கலாம். புதிய வண்டிகளில் இருப்பது மின்விசிறி. அது எஞ்சின் நின்றபின்னும் திடீரென்று சுழலும், விரல்கள் கவனம்!

மூன்றாவது, ரேடியேட்டர். வெளியே பூச்சியும் சேறும் அடைத்திருக்கலாம். உப்பு நீரை ஊற்றினால், இட்லிக் கொப்பரையில் படிவதுபோல உள்ளே வெண்படிவு சேரும். அதனால்தான் கூலன்ட் ஊற்றச் சொல்கிறார்கள். அது நஞ்சு, ஆனால் இனிக்கும். சிறுவர் கைக்கு எட்டாதபடி வைக்க வேண்டும்.

நான்காவது, தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடானதும் திறந்து, நீரை ரேடியேட்டருக்கு அனுப்பும் சிறு கதவு இது. கழற்றி நீரிலிட்டுச் சுடவைத்தால், பெரும்பாலும் 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். நீர் கொதித்தும் திறவாவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

ஐந்தாவது, ஆயில். அளவு பார்க்கும் கம்பியில் ஆயில் பால்காப்பி நிறமாகத் தெரிந்தால், உள்ளே நீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம். அதன்பின் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைப்பதே நல்லது.

எங்கள் வண்டியின் நோய் முதல் படியிலேயே தெரிந்துவிட்டது. ரேடியேட்டரின் கீழ் ரப்பர் குழாயில் நகக்கண் அளவு வெடிப்பு! புதுக் குழாய் மாட்டியதும் சரியாயிற்று. மாமாவின் கைத்தழும்புதான் இன்னும் மறையவில்லை.

இப்போதெல்லாம் நாங்கள் வெளியூர் புறப்படும் நாளில், எஞ்சின் குளிர்ந்திருக்கும் அதிகாலையிலேயே நீரளவைப் பார்த்துவிடுகிறோம். அதற்கு இரண்டு நிமிடங்கள் போதும். உங்கள் வீட்டிலும் இப்பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளலாமே!