சைலன்சர் மாற்றிய பைக்: எஞ்சினுக்கு வரும் சூடு, உரிமையாளருக்கு வரும் வழக்கு

புது பைக் கைக்கு வந்ததும் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மாட்டும் இளைஞர்கள் நம் ஊர்களில் ஏராளம். அடுத்து ஏர் ஃபில்டர் டப்பாவை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் போடுகிறார்கள். “அப்படியே மாட்டிக்கலாம் தம்பி, வேற எதையும் தொட வேண்டாம்” என்று கடையில் சொல்வதை நம்பியே பல எஞ்சின்கள் வீணாகின்றன.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கும்போது மட்டும் கலவையை 13-க்குப் பக்கத்தில் வைப்பார்கள். அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது உள்சூட்டைத் தணிக்கும். புது ஃபில்டரும் சைலன்சரும் காற்றோட்டத்தைக் கூட்டிவிட, பெட்ரோல் பழைய அளவிலேயே வந்தால் கலவை ‘லீன்’ ஆகிறது. எஞ்சின் சூடேறும், நாக்கிங் வரும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும், முற்றினால் பிஸ்டன் தலையில் ஓட்டையே விழும். காற்றால் மட்டும் குளிரும் எஞ்சினை மே மாத வெயிலில், சென்னை கத்திப்பாரா நெரிசலில் ஓட்டுபவருக்கு இந்த ஆபத்து இன்னும் அருகில் இருக்கிறது.

இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் எரியக் கிராமுக்கு 9 கிராம் காற்றே போதும். அதனால் இந்த எரிபொருளை ஊற்றும்போது, அளவை மாற்றாத பழைய கார்புரேட்டர் கலவையைத் தானாகவே சற்று லீன் ஆக்கிவிடும். அதன்மேல் ஃப்ரீ ஃப்ளோவும் சேர்ந்தால் இரட்டைச் சுமை. பழைய பைக் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

கலவையின் நிலைமையை ஓரளவு ஸ்பார்க் பிளக்கே சொல்லிவிடும். நன்றாக ஓட்டி நிறுத்தி, சூடு ஆறியபின் கழற்றி, நடுவிலுள்ள பீங்கானைப் பாருங்கள். இளம் காபி நிறம் என்றால் பயமில்லை. சுண்ணாம்பு வெளுப்பாக, சிறு கொப்புளங்களோடு இருந்தால் லீன். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம், அதாவது ‘ரிச்’. ரிச்சும் நல்லதல்ல. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலை நீர்க்கச் செய்யும், கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். ஆக்சிலரேட்டரை விட்டதும் வரும் ‘பட் பட்’ வெடிச்சத்தத்தைப் பலர் பெருமையாக நினைக்கிறார்கள். லீன் கலவையாலோ, சைலன்சர் இணைப்பில் கேஸ்கெட் சரியாக உட்காராமல் காற்று கசிவதாலோ வரும் சத்தம் அது. கார்புரேட்டரின் பெட்ரோல் ஜெட்டைத் தொடுவதற்கு முன் அந்த இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கார்புரேட்டர் வண்டியில் ஐடிலிங்குக்கு ஸ்லோ ஜெட்டும் ஸ்க்ரூவும், நடு ஓட்டத்துக்கு ஊசி, முழு முறுக்கலுக்கு மெயின் ஜெட். ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். ஸ்க்ரூவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஃபில்டர் பக்கம் இருக்கும் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் ரிச். எஞ்சின் பக்கம் இருக்கும் ஃப்யூயல் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் லீன். எது என்று தெரியாமல் திருகுபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், பிறகு ஓட்டிப் பார்த்து அடுத்தது என்பதே சரியான முறை. எஞ்சினை ஓடவிட்டு ட்யூன் செய்வதை மூடிய ஷெட்டுக்குள் செய்யவே கூடாது. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பின் பெரும்பாலான பைக்குகள் ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. ‘சென்சார் பார்த்துக்கொள்ளும்’ என்பது பாதி உண்மைதான். ஆக்சிஜன் சென்சார் திருத்துவது சீரான ஓட்டத்தில், அதுவும் ஒரு வரம்புக்குள். முழு முறுக்கலில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு. தன்னுள் பதிந்த கணக்கையே பின்பற்றும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அந்தக் கணக்கு மாறாது. எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோ மீது ஏற்றி, கலவையை வைட்பேண்ட் சென்சாரால் அளந்து திருத்துவதே முறையான வேலை.

இவ்வளவு சரியாகச் செய்தாலும் வண்டி சட்டப்படி சரியாகிவிடாது. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சத்தம், புகை வரம்பை மீறினால் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம். லைசென்ஸும் மூன்று மாதம் போகும். வாங்கும்முன் சைலன்சரின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சாலைக்கு அல்ல என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் பொறித்திருப்பது வழக்கம். கடைக்காரர் வாயால் சொன்னது எதுவும் அந்த எழுத்துக்கு முன் நிற்காது. வேகத்தில் உண்மையான ஆசை உள்ளவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. மாற்றிய வண்டிக்கு அதுதான் இடம்.

எஞ்சின் பழுதானால் வாரண்டி மறுக்கப்படலாம். தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் சொந்தச் சேத இழப்பீட்டையும் மறுக்கலாம். எதற்கு மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சைலன்சருக்கும் உடைந்த ஷாக் அப்சார்பருக்கும் என்ன தொடர்பு என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் முறையிட்டு ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

தவறான ட்யூனிங்கால் எஞ்சினைக் கெடுத்த பட்டறை மீதும், பொய் உறுதி தந்து விற்ற கடை மீதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி புகார் செய்யலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இதற்கெல்லாம் பில் வேண்டும். மாட்டிய பாகத்தின் பெயர், மாற்றிய ஜெட்டின் எண், தேதி எல்லாம் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் பட்டறையில் வேலை கொடுக்காதீர்கள். கழற்றிய கம்பெனி சைலன்சரையும் பழைய ஜெட்டையும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். வண்டியை மறுபடி சட்டப்படியான நிலைக்குக் கொண்டுவர அவைதான் வேண்டும்.