லிட் (ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம்)

லிட் என்பது மீண்டும் மீண்டும் பயன்படுத்தத்தக்க வலைக்கூறுகளை உருவாக்க உதவும் ஒரு சிறிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம் ஆகும். கூகுளின் பாலிமர் திட்டக் குழுவினர் இதை உருவாக்கினர். கட்டற்ற மென்பொருளான இதன் அளவு, சுருக்கிய நிலையில், ஏறத்தாழ 5 கிலோபைட்டுதான்.

பின்னணி

ரியாக்ட், ஆங்குலர் போன்ற ஒரு சட்டகத்தில் எழுதிய பொத்தானோ நாள்காட்டியோ பெரும்பாலும் அந்தச் சட்டகத்துக்குள் மட்டுமே பயன்படும். நிறுவனம் வேறு சட்டகத்துக்கு மாறினால் அதே பொத்தானை மறுபடி எழுத வேண்டும். புதிய குறிச்சொற்களை உலாவியே நேரடியாக ஏற்றுக்கொண்டால் இந்த வீண் வேலை இருக்காது. 2011 இல் அலெக்ஸ் ரசல் முன்வைத்த வலைக்கூறுகள் என்ற கருத்து இதுதான்.

2013 இல் அறிவிக்கப்பட்ட பாலிமர் இதற்கான முதல் பெரிய முயற்சிகளுள் ஒன்று. அப்போது பல உலாவிகளில் ஆதரவு இல்லாததால் கனமான ஈடுசெய் நிரல்கள் தேவைப்பட்டன. குரோம் 2016 இலும் சஃபாரி 2017 இலும் பயர்பாக்ஸ் 2018 இலும் தனிப்பயன் உறுப்புகளின் இன்றைய வடிவத்தை ஏற்றன. 2020 இல் எட்ஜும் சேர்ந்தது. உலாவியே பெரும்பகுதி வேலையைச் செய்யத் தொடங்கியதால் நிரலகம் மெலிந்தது. லிட்எச்டிஎம்எல், லிட்எலிமென்ட் என இரண்டாக இருந்தவை 2021 இல் லிட் 2 என்ற பெயரில் ஒன்றாயின. மூன்றாம் பதிப்பு 2023 இல் வெளிவந்தது.

செயல்படும் முறை

கடைத் தளம் ஒன்றில் பொருளின் எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கூறு தேவை எனக் கொள்வோம். இரண்டு பொத்தான்கள், நடுவில் ஓர் எண். லிட்டில் இது ஒரு வகுப்பாக எழுதப்பட்டு, ஒரு குறிச்சொல் பெயருடன் உலாவியில் பதிவு செய்யப்படும். பெயரில் இணைப்புக்கோடு கட்டாயம் இருக்க வேண்டும். முதல் எழுத்து ஆங்கிலச் சிற்றெழுத்தாக இருக்க வேண்டும். அதன்பின் தமிழ் எழுத்துகளும் வரலாம் என்பது பலர் அறியாத செய்தி.

கூறின் தோற்றம் ஜாவாஸ்கிரிப்ட்டின் வார்ப்புருச் சரமாக எழுதப்படுகிறது. இதில்தான் லிட்டின் நுட்பம் உள்ளது. இத்தகைய சரத்தின் மாறாத பகுதிகளையும் மாறும் மதிப்புகளையும் ஜாவாஸ்கிரிப்ட் தனித்தனியே தருகிறது. லிட் மாறாத பகுதியை ஒருமுறை மட்டும் பகுத்து, மதிப்பு அமரும் இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும். எண் 2 இலிருந்து 3 ஆனால் அந்த ஓர் இடம் மட்டுமே திருத்தப்படும், பொத்தான்கள் தொடப்படுவதில்லை. ரியாக்ட்டைப் போல மெய்நிகர் மரம் ஒன்றைக் கட்டி ஒப்பிட வேண்டிய தேவையும் இல்லை.

பண்பின் மதிப்பு மாறியதும் லிட் தானாகவே புதுப்பிப்பைத் திட்டமிடும். அடுத்தடுத்து மூன்று பண்புகள் மாறினாலும் புதுப்பிப்பு ஒன்றுதான். ஆனால் ஏற்கெனவே உள்ள அணிக்குள் ஓர் உறுப்பைச் சேர்த்தால் அது தெரியவராது. புதிய அணியை உருவாக்கிப் பண்புக்குத் தர வேண்டும். திரை ஏன் மாறவில்லை என்று புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

நிழல் மரத்தின் எல்லை

லிட் கூறின் உள்ளடக்கம் இயல்பாக நிழல் மரம் எனும் தனிப் பகுதிக்குள் வைக்கப்படுகிறது. பக்கத்தின் பாணி விதிகள் உள்ளே உள்ளவற்றைத் தாக்காது. உள்ளே எழுதியவை வெளியே கசியாது. எழுத்துரு, எழுத்தின் நிறம் போன்று மரபாக இறங்கும் பண்புகளும் சிஎஸ்எஸ் மாறிகளும் மட்டும் எல்லையைக் கடக்கும். யாரோ எழுதிய கூறு யாரோ கட்டிய பக்கத்தில் உடையாமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

இதற்கு விலையும் உண்டு. மேற்சொன்ன எண்ணிக்கைக் கூறுக்குள் ஓர் உள்ளீட்டுப் பெட்டி இருந்தால், வெளியே உள்ள படிவத்தைச் சமர்ப்பிக்கும்போது அதன் மதிப்பு உடன் செல்லாது. வாடிக்கையாளர் 3 என்று தேர்ந்திருப்பார். வழங்கிக்கு எதுவும் வந்திருக்காது. கூறே படிவத்தில் பங்கேற்பதாக அறிவித்து, தன் மதிப்பை உலாவியிடம் தர வேண்டும். 2023 இல் சஃபாரி 16.4 வந்த பிறகே இவ்வசதி எல்லா முதன்மை உலாவிகளிலும் கிடைத்தது. வெளியே எழுதிய பெயர்ப்பட்டையை உள்ளிருக்கும் பெட்டியுடன் அடையாள எண் கொண்டு இணைக்கவும் இயலாது. திரைவாசிப்பான் பயன்படுத்துவோரை இது நேரடியாகப் பாதிக்கும் என்பதால், பெயர்ப்பட்டையையும் கூறுக்குள்ளேயே வைப்பது நல்லது.

ஒரே சட்டகத்தில் இயங்கும் சிறு தளத்துக்கு இந்தச் சிக்கல்களை ஏற்க வேண்டிய அவசியமில்லை. பல குழுக்கள் பல சட்டகங்களில் வேலை செய்யும் இடத்தில் லிட் பயன் தருகிறது. அடோபி தன் ஸ்பெக்ட்ரம் வலைக்கூறுகளை லிட்டைக் கொண்டே கட்டியுள்ளது. ஃபோட்டோஷாப்பின் இணையப் பதிப்பில் அவை பயன்படுகின்றன.