அசையாத பிளேடை அசைத்த கதை

ஜெட் என்ஜினின் கம்ப்ரசருக்கு முழு வேகத்தில் ஓடுவது பெரிய காரியமில்லை. அந்த வேகத்தை எட்டும்வரைதான் பாடு.

கம்ப்ரசருக்குள் சுழலும் பிளேடு வரிசை ஒன்று, அடுத்து உறையில் பொருத்திய அசையாத வரிசை ஒன்று என மாறிமாறி வரும். ஒவ்வொரு ஜோடியும் காற்றைக் கொஞ்சம் அழுத்திப் பின்னால் தள்ளும். அழுத்த அழுத்தக் காற்றின் பருமன் குறையும் என்பதால், பாதையையும் போகப்போகக் குறுக்கியிருப்பார்கள். இந்தக் கணக்கெல்லாம் முழு வேகத்துக்குப் போட்டது. வேகம் குறைவாக இருக்கையில் காற்று போதுமான அளவு சுருங்காமலே கடைசி வரிசைகளுக்கு வந்துவிடும். தேர் பார்த்த கூட்டம் ஒரே சந்தில் நுழைந்தாற்போல அங்கே நெரிசல். முன்னால் ஓட்டம் மந்தமாகி, காற்று தவறான கோணத்தில் பிளேடில் மோதி, அதன் முதுகைவிட்டுப் பிரியும். முற்றினால் பின்னால் சேர்ந்திருந்த அழுத்தக் காற்று முன்பக்கமாகவே பாய்ந்துவிடும். பெரும் வெடிச்சத்தம், சிலசமயம் என்ஜினின் வாய்வழியே தீ. இதற்கு ‘சர்ஜ்’ என்று பெயர்.

இதைத் தவிர்க்க 1950களில் பிராட் அண்ட் விட்னி நிறுவனம் கம்ப்ரசரை இரண்டாகப் பிரித்துத் தனித்தனி வேகத்தில் சுழலவிட்டது. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் கெர்ஹார்ட் நாய்மான் வேறு வழி பிடித்தார். ஜெர்மனியில் பிறந்து, போர்க்காலத்தில் சீனாவில் அமெரிக்க விமானங்களுக்கு மெக்கானிக்காக இருந்தவர். அசையாத பிளேடுகளையே அவர் திருப்பினார். அந்த வழியில் வந்த ஜே79 என்ஜினில் ஒரே தண்டில் 17 சுழல்வரிசைகள். நுழைவாயில் பிளேடுகளும் அடுத்த 6 நிலைவரிசைகளும் திரும்பக்கூடியவை. வேகம் குறைந்தால் அவை சாய்ந்து, சுழலும் திசைக்கே காற்றை வளைத்துவிடும். அடுத்த பிளேடு அதைச் சரியான கோணத்தில் வாங்கிக்கொள்ளும். வேகம் ஏற ஏறத் திறக்கும். ஒலியின் இருமடங்கு வேகத்தில் பறந்த எஃப்-104 விமானத்தில் இருந்தது இந்த என்ஜின்தான்.

ஒவ்வொரு பிளேடின் காம்பும் உறையிலுள்ள துளை வழியே வெளியே வரும். அதில் ஒரு சின்ன நெம்புகோல். ஒரு வரிசையின் நெம்புகோல்கள் எல்லாம் ஒரே வளையத்தில் சேரும். ஹைட்ராலிக் தண்டு வளையத்தைத் திருப்பும். பல என்ஜின்களில் அந்தத் தண்டைத் தள்ளுவது எரிபொருளேதான். எரியுமுன் அதற்கு இப்படியொரு வேலை.

சொல்ல எளிது. திரும்பும்போது பிளேடின் முனைக்கும் உறைக்கும் இடையே இடைவெளி மாறும், காற்று கசியும். காம்பைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் கோணம் தளரும். ஒரே ஒரு பிளேடு மட்டும் கோணம் பிசகி நின்றால்? பின்னால் சுழலும் ஒவ்வொரு பிளேடும் சுற்றுக்கு ஒருமுறை அங்கே குட்டு வாங்கும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான குட்டுகள். உலோகம் களைத்து விரிசல் விடும். என் கணிப்பில் இந்த வடிவமைப்பின் கடினமான பகுதி காற்றியல் அல்ல, இந்தப் புஷ்ஷும் வளையமும்தான்.

சுழலும் பிளேடையே திருப்பியவரும் உண்டு. விக்டர் கப்லானின் நீர் டர்பைனில், நடுக்குடத்துக்குள் இருக்கும் பொறியமைப்பு எண்ணெய் அழுத்தத்தால் பிளேடுகளைத் திருப்பும். நீர் டர்பைன் மெதுவாகச் சுற்றுவதால் அங்கே அது கட்டுப்படியாகிறது. ஜெட் வேகத்தில் மையவிலக்கு விசை டன் கணக்கில் இழுக்கும்.

ஜெட் என்ஜினின் சூடான டர்பைன் பக்கம், அசையாத பிளேடைத் திருப்பும் இந்த வித்தையைப் பெரும்பாலும் யாரும் முயல்வதில்லை. டீசல் கார்களின் டர்போவில் மட்டும் அது சகஜம். மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் புகைக்கரி படிந்து வளையம் இறுகிவிடும். ‘வண்டி இழுக்கலை’ என்று மெக்கானிக்கிடம் வரும் கார்களில் சிலவற்றின் நோய் அதுதான்.