குளம்படிச் சத்தம் – 9: லத்தி சொல்லும் சேதி

சென்ற வாரம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தையும் அதில் தழைக்கும் புல்லையும் பார்த்தோம். இந்த வாரம், அந்தப் புல்லைத் தின்று வளரும் பந்தயக் குதிரைகளுக்குப் பணிவிடை செய்கிறவர்களைப் பார்ப்போம். லெக்சிங்டன் நகரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் விடியும் முன்பே லாயத்து விளக்குகள் எரியத் தொடங்கிவிடும். வேலைக்கு வருகிறவர்களில் பலர் மெக்சிகோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். கோப்பை வாங்கும் முதலாளிகளின் படங்கள்தான் பத்திரிகைகளில் வருகின்றன. குதிரை பிழைத்துக் கிடப்பதோ இவர்கள் கையில்.

முதல் வேலை தீனி வைப்பது. அனுபவசாலி ஓட்ஸைக் கொட்டுவதற்கு முன், ராத்திரி வைத்ததில் மிச்சம் கிடக்கிறதா என்று தொட்டியைப் பார்ப்பார். காட்டில் இரையாக வாழ்ந்த இனம் குதிரை; நோவைச் சட்டென்று வெளியே காட்டாது. தொட்டியில் கிடக்கும் மிச்சம்தான் பல நேரம் முதல் அறிகுறி. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கும் இரைப்பை சிறியது, சுமார் 10 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. குடல் அடைத்துக்கொண்டாலோ முறுக்கிக்கொண்டாலோ சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம்.

அதனால்தான், எல்லாரும் முகம் சுளிக்கும் லத்தி அள்ளுகிற வேலையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். வளர்ந்த குதிரை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ லத்தி போடும். முள்வாரியால் அள்ளும்போதே எத்தனை குவியல், ஈரம் எப்படி என்று கண் கணக்கெடுத்துவிடும். உருண்டைகள் சிறுத்துக் காய்ந்திருந்தால் குதிரை சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. ஒரு குவியலும் இல்லையென்றால் முள்வாரியைப் போட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டியதுதான். பனிக்காலத்தில் தண்ணீர் சில்லிட்டுப்போனால் குதிரைகள் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும்; குடலில் தீவனம் இறுகும். தொட்டியில் உறைந்த பனியை உடைக்கிற வேலைகூட வைத்தியத்தில்தான் சேர்த்தி.

மூத்திரம் ஊறிய வைக்கோலையும் விட்டுவைக்க முடியாது. குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. அம்மோனியா நெடி தரையோரம்தான் கனமாக நிற்கும். வைக்கோலில் படுத்துக் கிடக்கும் குட்டிகளின் நுரையீரலை அது முதலில் பதம் பார்க்கும்.

குளம்பைச் சுரண்டுவது, காலைத் தடவிச் சூடு பார்ப்பது, மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடுவது, திரும்பக் கட்டுவது என்று பகல் ஓடிவிடும். ஜனவரி தொடங்கி வசந்தம் முடியும்வரை ராத்திரிதான் கடினமானது. சினைக்குதிரைகள் பெரும்பாலும் இருட்டில்தான் குட்டி போடும். காவலுக்கு ஆள் விழித்திருக்க வேண்டும். குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். குதிரைக்குட்டி நோய் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய இல்லாமலே பிறக்கிறது. சீம்பாலிலிருந்துதான் அதைப் பெற வேண்டும். ஒரு நாள் கடந்துவிட்டால் அதன் குடல் அந்தச் சக்தியை உறிஞ்சாது.

விழுந்த நஞ்சுக்கொடியை யாரும் உடனே குப்பையில் எறிவதில்லை. தரையில் விரித்து, ஓரம் கிழிந்திருக்கிறதா, துண்டு ஏதும் குறைகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் தடவிப் பார்க்கிறார்கள். ஒரு சிறு துண்டு கருப்பையில் தங்கினாலும் சீழ்ப்பிடித்து, அந்த விஷம் ரத்தத்தில் கலந்து, தாய்க்குதிரையின் குளம்புகள் வரை இறங்கி அதை நிற்கவிடாமல் செய்துவிடும்.

(தொடரும்)