சில்லின் குற்றமா, பெட்டியின் குற்றமா?

யந்திரங்கள் பழுதுபட்டால் கடைசியாகக் கை வைத்த இடத்தின் மேல் பழியைச் சுமத்துவது நம்மவருக்கு இயல்பு. கிணற்றுக்குப் புது மோட்டார் வைத்த மறுநாள் வீட்டில் விளக்கு அணைந்தால், மோட்டார்தான் காரணம் என்போம். தெருக்கோடியில் கம்பி அறுந்து கிடப்பதைச் சென்று பார்ப்பவர் சிலரே. பழுது பார்க்கும் கலையோ இந்த அவசரத் தீர்ப்புக்கு நேர் எதிரானது. யந்திரத்தையே கேள்வி கேட்டு, அதன் பதிலைக் கொண்டு ஒவ்வொரு சந்தேகமாக நீக்கி வருவதே அக்கலை. அதனை ஒரு சிறிய உதாரணத்தால் இன்று நேயர்களுக்கு விளக்க முற்படுகிறோம்.

பெங்களூரில் தமிழ் மக்கள் பலர் வாழும் ஸ்ரீராம்புரத்தில், சிறிய சந்து ஒன்றில், வானொலி, தொலைக்காட்சி முதலியவற்றைப் பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். சில காலத்துக்கு முன் நாம் அவருடன் பேசிக்கொண்டிருந்தபோது, கல்லூரி மாணவி ஒருத்தி சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். அது சோனி நிறுவனத்தாரின் ப்ளேஸ்டேஷன் என்னும் விளையாட்டுப் பெட்டி. 1994ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி ஜப்பானிலும், அடுத்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளிவந்து, உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேல் விற்றது. 2006ஆம் ஆண்டில் இதன் உற்பத்தி நின்றது. ஆகவே இனி ஒன்று கெட்டால், புதியது தொழிற்சாலையிலிருந்து வராது.

அந்தப் பெட்டி அவளுடைய அண்ணன் ஆடியது. அவர் இப்போது இல்லை. அமெரிக்காவிலுள்ள மாமா அங்கே வாங்கிய அசல் தட்டுகள் சிலவற்றை அவளுக்கு அனுப்பியிருந்தார். ஐரோப்பாவுக்கென்று செய்யப்பட்ட இப்பெட்டி அவற்றை ஏற்கவில்லை. யாரோ ஒருவரிடம் கொடுத்து, ‘மாட் சிப்’ என்று கடைவீதியில் வழங்கும் சிறு சில்லு ஒன்றை உள்ளே பொருத்தச் செய்தாள். அதன் பின்னும் மாமா அனுப்பிய தட்டு ஓடவில்லை. தானே ஒரு சிறு விளையாட்டை எழுதிப் பதித்த தட்டும் ஓடவில்லை. பொருத்தியவரோ, பெட்டியின் பலகையே போய்விட்டது, வேறு பெட்டி பார்த்துக்கொள் என்று கூறிவிட்டாராம்.

“அண்ணா, சிப்பை எடுத்துவிட்டு வேறு சிப் போட்டால் சரியாகிவிடுமா?” என்று கேட்டாள்.

“அது கடைசி வேலையம்மா. முதலில் பெட்டியைக் கேட்போம்” என்றார் நண்பர்.

அவர் கேட்ட முறையை அறியும் முன், இச்சில்லு செய்யும் வேலை யாது என்பதை நாம் தெரிந்துகொள்ளல் வேண்டும். சி.டி. தட்டின் அடிப்பக்கத்தில், நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருண்டு செல்லும் நுண்ணிய பாதை ஒன்றில் செய்திகள் பதிந்திருக்கின்றன. ப்ளேஸ்டேஷன் அசல் தட்டின் தொடக்கப் பகுதியில் மட்டும் இப்பாதை நேராகச் செல்லாமல், கண்ணுக்குப் புலப்படாத அளவில் இருபுறமும் நெளிந்து செல்கிறது. அந்த நெளிவிலேயே நான்கு ஆங்கில எழுத்துக்கள் ஒளிந்திருக்கின்றன. முதல் மூன்றும் எஸ், ஸி, இ என்பவை. நான்காவது எழுத்து, ஐரோப்பாவாயின் இ, அமெரிக்காவாயின் ஏ, ஜப்பானாயின் ஐ. பெட்டி தன் தேசத்துச் சொல்லைக் கேட்டால் கதவைத் திறக்கும். வேறு சொல்லாயினும், சொல்லே இல்லையாயினும் மறுத்துவிடும். வீட்டில் பதியும் வெற்றுத் தட்டின் பாதையோ தொழிற்சாலையிலேயே வகுக்கப்பட்டது. அதில் இந்த நெளிவை நாம் எழுத இயலாது. ஆதலால் அசலிலுள்ள செய்தி முழுவதையும் பிரதி எடுத்தாலும், வாயிற்சொல் பிரதியில் வருவதில்லை.

மாட் சிப் என்பது அந்த வாயிற்சொல்லைத் தானே உச்சரிக்கும் ஒரு சிறு கணிப்பொறி. எட்டுக் கால்களுடைய ‘பிக் 12ஸி508’ என்னும் சில்லு இதற்குப் பெரிதும் பயன்பட்டது. தட்டிலிருந்து வரும் சொல்லை அமுக்கிவிட்டு, பெட்டி எதிர்பார்க்கும் சொல்லை அது மீண்டும் மீண்டும் ஓதும். அவ்வளவே அதன் தொழில். அது தட்டைச் சுழற்றுவதில்லை, படம் வரைவதில்லை, ஒலி எழுப்புவதில்லை. வாயிற்காவலனிடம் ஒரு சொல் சொல்வதோடு அதன் கடமை முடிந்தது. இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், எந்தக் குற்றம் சில்லினுடையது, எது அன்று என்பது தானே விளங்கும்.

இனி நண்பர் செய்ததைக் காண்போம். பெட்டியின் முன்புறம் செருகியிருந்த நினைவுத் தகட்டை முதலில் எடுத்துத் தனியே வைத்தார். ‘மெமரி கார்டு’ என்று வழங்கும் அத்தகட்டில் 15 கட்டங்கள் உண்டு. ஆடியவர் எவ்வளவு தூரம் சென்றார் என்னும் கணக்கெல்லாம் பெட்டியில் அன்றி இதில்தான் இருக்கிறது. மின்கலம் இன்றியே அது நினைவைக் காக்க வல்லது. “பெட்டி போனாலும் இது போகாது, பயப்படாதே” என்று நண்பர் சொன்னபோதுதான் அந்தப் பெண்ணின் முகம் சற்றுத் தெளிந்தது.

பிறகு, அண்ணன் ஆடிய பழைய தட்டு வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, ஆனால் அவர் போன பின் அதைத் திறக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதுதான் இப்போது தேவையான மருந்து என்று நண்பர் விளக்கவே, வீட்டுக்குச் சென்று எடுத்துவந்தாள். இப்போது மேசைமேல் நான்கு தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் பெட்டியிடம் கேட்கும் ஒரு கேள்வி என்க.

முதலாவது, சாதாரணப் பாட்டுத் தட்டு. இதற்கு வாயிற்சொல் தேவையில்லை. இது பாடினால் சுழலும் மோட்டாரும், ஒளிக்கண் எனத்தக்க லென்ஸும், ஒலிப்பகுதியும் நலம் என்று பொருள். இரண்டாவது, ஐரோப்பிய அசல் தட்டு. இது தன் சொல்லைத் தானே சுமந்து வருவதால் சில்லின் உதவியை வேண்டாது. மூன்றாவது, அமெரிக்க அசல் தட்டு. இதற்குச் சில்லு பேசியே ஆக வேண்டும். ஆனால் தொழிற்சாலையில் அச்சிட்ட பளபளப்பான தட்டாதலால் லென்ஸுக்குச் சிரமம் இல்லை. நான்காவது, வீட்டில் பதித்த தட்டு. இதற்குச் சில்லும் பேச வேண்டும், மங்கலான பரப்பைப் படிக்க லென்ஸும் கூர்மையாக இருக்க வேண்டும்.

இவ்வரிசையின் பயன் யாதெனில், எந்தப் படியில் பெட்டி தடுக்கி நிற்கிறதோ அந்தப் படியிலேயே நோய் இருக்கிறது. பலர் நான்காவதில் தொடங்கி, அது ஓடாததைக் கண்டு சில்லைப் பிடுங்குகிறார்கள். பழுதான லென்ஸும் பதித்த தட்டை முதலில் மறுக்கும், பேசாத சில்லும் அதையே மறுக்கும். ஆகவே அத்தட்டு ஒன்றை மட்டும் கொண்டு இரண்டில் எது என்று சொல்ல இயலாது. இப்பெட்டியின் ஆரம்ப மாதிரிகளில் லென்ஸைத் தாங்கும் பிளாஸ்டிக் பகுதி தேய்ந்து, ஆடுவோர் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஓட்டியதும் உண்டு. அந்நோய்க்கும் சில்லுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

பாட்டுத் தட்டு இனிமையாகப் பாடியது. ஐரோப்பியத் தட்டை வைத்ததும், வெண்திரையும் அதன் பின் கருந்திரையும் தோன்றி விளையாட்டுத் தொடங்கிற்று. அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. பலகை போய்விட்டது என்ற தீர்ப்பு அந்த நிமிஷத்திலேயே பொய்யாயிற்று. அமெரிக்கத் தட்டை வைத்தபோதோ, ப்ளேஸ்டேஷன் தட்டை இடுக என்னும் கருத்துடைய ஆங்கில வாசகம் திரையில் எழுந்தது. ஆகவே லென்ஸ் நலம்; சில்லு பேசவில்லை. நோய் இருக்கும் இடம் இப்போது விரற்கடை அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இதற்கு மாறாக, ஐரோப்பியத் தட்டும் ஓடாது போயிருந்தால், சில்லே பெட்டியின் குரலை நெரிக்கிறது என்று ஐயுற வேண்டும். அப்போது சில்லின் செய்திக் கம்பிகளை விடுவித்து மீண்டும் சோதிக்கலாம். தட்டு சுழலவே இல்லையெனில், மூடி திறந்திருப்பதாகப் பெட்டி எண்ணுகிறதா என்று மூடிப் பொத்தானைப் பார்க்க வேண்டும். பெட்டியின் அடியிலுள்ள மாதிரி எண்ணையும், கம்பி இணைத்த வரைபடத்தின் எண்ணையும் ஒப்பிடுவது எப்போதும் நன்று. வெளித்தோற்றம் ஒன்றாயினும் உள்ளே பலகைகள் பலவிதம். ஒன்றின் வரைபடம் மற்றொன்றுக்கு உதவாது.

நண்பர் மின்சாரத்தைத் துண்டித்து, சற்று நேரம் பொறுத்துப் பெட்டியைத் திறந்தார். வீட்டு மின்சாரம் நேரே வந்து இறங்கும் பகுதி இப்பெட்டிக்குள்ளேயே இருப்பதால், பழக்கமில்லாதவர் திறந்த பெட்டியில் மின்சாரம் செலுத்துவது உயிருக்கு அபாயம் என்பதை இங்கே வற்புறுத்திக் கூறுகிறோம். பிக் சில்லின் முதற்கால் மின்சாரம் பெறும் கால். எட்டாவது கால் அம்மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி. மல்ட்டிமீட்டர் கொண்டு அளந்தபோது, பலகையில் கம்பி புறப்படும் இடத்தில் சுமார் 3.5 வோல்ட் இருந்தது. சில்லின் முதற்காலில் ஒன்றும் இல்லை. உணவு செல்லாத வாய் பேசுமோ? உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்தபோது, அந்தக் காலிலிருந்த ஈயம் பளபளப்பின்றி, சாம்பல் பூத்த உருண்டையாகக் கம்பியின் மேல் அமர்ந்திருந்தது. கம்பியும் காலும் போதிய சூடேறுமுன் ஈயத்தை வைத்ததால் அது ஒட்டவில்லை. தொழிலாளர் இதனை ‘டிரை சால்டர்’ என்பர்.

நண்பர் அவ்விடத்தில் சிறிது பிளக்ஸ் தடவி, சால்டரிங் அயர்னின் நுனியை இரண்டு விநாடி மட்டும் வைத்து எடுத்தார். ஈயம் உருகி ஓடிப் பளபளத்தது. புதுச் சில்லு வேண்டியிருக்கவில்லை. சில்லைப் பிடுங்கி மாற்றியிருந்தால், மீண்டும் மீண்டும் ஏறிய சூட்டில் மயிரிழை போன்ற செம்புப் பட்டைகள் பலகையை விட்டுக் கழன்றிருக்கக்கூடும். அப்போது உண்மையாகவே பலகை போயிருக்கும்.

இப்போது அமெரிக்கத் தட்டு ஓடிற்று. ஆனால் படம் கறுப்பு வெள்ளையாக வந்தது! மறுபடியும் சில்லின் மேல் ஐயம் எழுந்தது. நேயர்கள் இதற்குள் விடையை ஊகித்திருப்பார்கள். சில்லின் தொழில் வாயிற்சொல் மட்டுமே. நிறம் அதன் இலாகா அன்று. நம் நாட்டிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வழங்கிய பால் முறையில் நிறச்செய்தி சுமார் 4.43 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஏறி வரும், அமெரிக்காவின் என்.டி.எஸ்.ஸி. முறையில் சுமார் 3.58. ஐரோப்பியப் பெட்டி அமெரிக்கத் தட்டை ஓட்டும்போது, மஞ்சள் நிறச் செருகி வழியே செல்லும் நிறச்செய்தி இரு முறைக்கும் பொருந்தாத நடுநிலையில் நின்றுவிடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே கொண்டுசெல்லும் கம்பியும், அதை ஏற்கும் திரையும் இருந்தால் நிறம் வந்துவிடும்.

எஞ்சியது அவள் தானே பதித்த தட்டு. அது அப்போதும் தொடங்கவில்லை. நண்பர் அதைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துச் சிரித்தார். அது அழித்து அழித்து எழுதத்தக்க தட்டு. அச்சிட்ட தட்டு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 70 பங்குக்குக் குறையாமல் திருப்பித் தரும். ஒருமுறை எழுதும் தட்டு அதற்குச் சற்றே குறைவு. அழித்தெழுதும் தட்டோ 15 முதல் 25 பங்குதான் தரும். பழைய லென்ஸுக்கு அது இருட்டறை. ஒருமுறை எழுதும் தட்டில் அதே விளையாட்டைப் பதித்து மறுநாள் கொண்டுவந்தாள்; ஓடியது. ஆக, ஒரு சில்லின் தலையில் சுமத்திய குற்றங்கள் மூன்றுக்கும் காரணங்கள் வெவ்வேறு: ஒன்று ஈயம், ஒன்று நிறமுறை, ஒன்று தட்டு. சில்லு மூன்றிலும் நிரபராதி.

சில்லே குற்றவாளியாகும் சந்தர்ப்பமும் உண்டு. ஆரம்பகாலச் சில்லுகள் வாயிற்சொல்லை ஓயாமல் ஓதிக்கொண்டிருந்தன. பின்வந்த விளையாட்டுகள் சில, இடைநடுவே இச்சொல் கேட்கிறதா என்று ஒற்றுக் கேட்டு, கேட்டால் எச்சரிக்கை காட்டி நின்றுவிட்டன. தொடக்கத்தில் மட்டும் பேசிப் பின் மௌனம் காக்கும் சில்லு இதற்குப் பரிகாரமாயிற்று.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும். 2012ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட நமது பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்துடன் இத்தகைய பூட்டைக் கடப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. எண்ணமே இங்கே அளவுகோல். விலை கொடுத்து வாங்கிய அயல்நாட்டு அசல் தட்டை ஓட்டுவதும், தான் எழுதிய விளையாட்டைத் தான் ஆடுவதும் வேறு. பிறர் உழைப்பைப் பிரதியெடுத்து விற்பது வேறு.

கடைசியாக நண்பர் நினைவுத் தகட்டை அதன் இடத்தில் செருகி, ஐரோப்பியத் தட்டை மீண்டும் வைத்தார். திரையில் பழைய கணக்குகளின் பட்டியல் தோன்றியது. ஒன்றில் ஆங்கில எழுத்துக்களில் அண்ணன் பெயர் இருந்தது. அவர் நிறுத்திய இடத்திலிருந்து ஆடத் தொடங்காமல், அவள் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, காலியாக இருந்த கட்டம் ஒன்றில் தன் பெயரை எழுதிப் புதிதாக ஆரம்பித்தாள்.

அவசரப்பட்டு அன்றே பெட்டியைக் கைவிட்டிருந்தால், இரண்டு விநாடிச் சூட்டில் தீர்ந்த குறைக்காக அது குப்பைக்குப் போயிருக்கும். பழுது பார்ப்பவன் கையில் கோலை எடுக்குமுன் கேள்வியை எடுக்க வேண்டும். இது விளையாட்டுப் பெட்டிக்கு மட்டும் உரிய பாடம் அன்று என்பதை நேயர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.