மாத்திரைக்கு உண்டு, மாதச் சம்பளத்துக்கு இல்லை

பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் தமிழர் நடத்தும் டிராவல்ஸ் கடையில் சென்னைக்கோ கொழும்புக்கோ டிக்கெட் போடுகிறவர்கள் மொத்த விலையைத்தான் பார்ப்பார்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் வரிகள் அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் இரண்டெழுத்துக் குறியீடு. அவற்றில் ஒன்று ‘ஐ-இசட்’. விமானப் பயணிகளின் ஒற்றுமை வரி என்று அதற்குப் பெயர். 2006 ஜூலையில் பிரான்ஸ் அதைத் தொடங்கியபோது, ஐரோப்பாவுக்குள் சாதாரண வகுப்பில் பறந்தால் 1 யூரோ, தொலைதூரம் போனால் 4 யூரோ. பிசினஸ் கிளாஸ்காரருக்கு 10-ம் 40-ம். ஊருக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர் கட்டிய அந்த 4 யூரோவில் பெரும்பகுதி போனது, அதே ஆண்டு தொடங்கிய, ஜெனீவாவில் இயங்கும் யுனிட்எய்டு என்ற அமைப்புக்கு. ஏழை நாடுகளில் எய்ட்ஸ், காசநோய், மலேரியா மருந்துகளின் விலையைக் கீழே இறக்குவது அதன் வேலை.

ஐரோப்பாவின் வளர்ச்சி உதவி என்று நாளிதழில் படிக்கும்போது ஏதோ ஒரு பெரிய கஜானாவிலிருந்து காசோலை போவதுபோலத் தோன்றும். உண்மையில் அது பல வாய்க்கால். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தனிப் பை: 2021 முதல் 2027 வரைக்கும் 7,950 கோடி யூரோ, அதில் ஐந்தில் ஒரு பங்காவது கல்வி, சுகாதாரம் போன்றவற்றுக்குப் போக வேண்டும் என்ற இலக்கோடு. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்வீடன், டென்மார்க் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு பை. ஒன்றியத்தைவிட்டு விலகிய பிரிட்டனுக்கும், அதில் சேரவே சேராத நார்வேக்கும் அவரவர் பை. எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு: நாட்டின் மொத்த வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாகக் கொடுப்பது. 1970-ல் ஐ.நா. பொதுச் சபை வைத்த இலக்கு அது. 2024-ல் அதைத் தாண்டிய நாடுகள் நான்கே நான்கு: நார்வே, லக்ஸம்பர்க், ஸ்வீடன், டென்மார்க்.

கணக்கு எழுதும் முறையிலும் கொஞ்சம் சாமர்த்தியம் இருக்கிறது. உக்ரைனிலிருந்து ஓடிவந்த குடும்பத்துக்கு பெர்லினில் கொடுத்த தங்குமிடச் செலவையும் முதல் 12 மாதங்களுக்கு ‘வளர்ச்சி உதவி’ என்றே எழுதிக்கொள்ளலாம். விதி இடம் கொடுக்கிறது. 2024-ல் உலகின் பணக்கார நாடுகள் எல்லாம் சேர்ந்து கொடுத்ததாகச் சொன்ன சுமார் 21,000 கோடி டாலரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு இப்படிக் கொடுத்தவர் நாட்டுக்குள்ளேயே செலவானது. அகதிக்குச் சோறு போடுவதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணம் விமானம் ஏறவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

விமானம் ஏறிய பணம் நன்றாக வேலை செய்த ஓர் இடம் குழந்தைகளின் எச்.ஐ.வி. மருந்து. பல ஆண்டுகள் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்க முக்கியமாக இருந்தது ஒரு சிரப். அதில் 40 சதவீதத்துக்கும் மேல் ஆல்கஹால், கடும் கசப்பு, ஃபிரிட்ஜில் வைத்துக் காக்க வேண்டிய சரக்கு. மின்சாரமே இல்லாத கிராமத்தில் ஒரு தாய் அதை வாங்கிப்போய் எங்கே வைப்பாள்? வைத்தாலும் பிள்ளை துப்பிவிடும். பணக்கார நாடுகளில் எச்.ஐ.வி.யோடு பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு என்பதால், நல்ல மருந்து செய்து விற்க எந்தக் கம்பெனிக்கும் அவசரம் இல்லை. இந்த இடைவெளியில்தான் யுனிட்எய்டின் பணம் புகுந்தது. டோலுடெக்ராவிர் என்ற மருந்தைத் தண்ணீரில் கரையும் 10 மில்லிகிராம் மாத்திரையாக, ஸ்ட்ராபெர்ரி சுவையில் செய்து தரும்படி இரண்டு நிறுவனங்களோடு ஏற்பாடு ஆனது. ஒன்று வியாட்ரிஸ், மற்றது மும்பையின் மெக்லியோட்ஸ். 2020 நவம்பர் கடைசியில் அறிவிப்பு வந்தது. ஒரு குழந்தையின் ஓராண்டு சிகிச்சைச் செலவு 480 டாலருக்கு மேல் இருந்தது, 120 டாலருக்குக் கீழே வந்தது.

தடுப்பூசிக்கு இன்னொரு வழி. 2006-ல் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், ஸ்வீடன், நார்வே சேர்ந்து ஒரு நிதி ஏற்பாடு செய்தன. பல ஆண்டுகளில் தவணையாகத் தருவோம் என்று அரசுகள் எழுதிக் கொடுக்கும், அந்த வாக்குறுதியை வைத்துச் சந்தையில் கடன் பத்திரம் விற்று, முழுப் பணத்தையும் இன்றைக்கே எடுத்து கவி என்ற தடுப்பூசிக் கூட்டமைப்புக்குக் கொடுப்பார்கள். ஏலச்சீட்டை முன்மாதத்திலேயே தள்ளி எடுக்கிறோமே, அதேதான். தள்ளு போகிறது, ஆனால் கையில் பணம் வருகிறது. அம்மை ஊசி பத்து ஆண்டு காத்திருக்க முடியாது என்பதால் இதில் நியாயம் இருக்கிறது.

மாத்திரை, ஊசி, கொசுவலை. ஐரோப்பிய உதவி திறமையாக நடந்த இடங்களைப் பார்த்தால் திரும்பத் திரும்ப இந்த மாதிரிப் பொருள்கள்தான். எண்ணலாம், படம் எடுக்கலாம், திட்டம் முடிந்தது என்று கையெழுத்துப் போட்டு மூடலாம். ஆனால் அந்த மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கிற கைக்கு மாதம் முடிந்தால் சம்பளம் வேண்டும். அது முடிகிற செலவு இல்லை. அதனாலேயே உதவி செய்கிறவர்கள் அதைத் தொடத் தயங்குகிறார்கள். கட்டடம் கட்டித் தருகிறோம், பயிற்சி தருகிறோம், ஜீப் வாங்கித் தருகிறோம், சம்பளம் மட்டும் உங்கள் பாடு.

‘உங்கள் பாடு’ என்றதைத் தாங்கிக்கொள்ளும் அரசு இருந்தால் இதில் தப்பே இல்லை. 1980களில் டென்மார்க்கின் உதவி அமைப்பான டானிடாவின் பணத்தில் சேலம், தென்னாற்காடு மாவட்டங்களில் துணை சுகாதார நிலையங்கள் எழுந்தன. கட்டடம் டென்மார்க் காசு, அதில் குடியிருந்த நர்சம்மாவோ அரசுச் சம்பளப் பட்டியலில் இருந்தவர். டானிடா போன பிறகும் மாதம் பிறந்தால் அவருக்குச் சம்பளம் வந்தது.

மலாவியில் அந்த வசதி இல்லை. தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் இந்தச் சின்ன நாட்டில் 2000-களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் நோயாளிகள் வார்டுகளில் தரையெல்லாம் படுத்திருந்தார்கள், பார்க்க ஆள் இல்லை. நர்சுகள் சிலர் அதே நோய்க்குப் பலியானார்கள், சிலர் பிரிட்டனுக்குக் கிளம்பிவிட்டார்கள். மலாவியில் இருப்பதைவிட மான்செஸ்டரில் அதிக மலாவி டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று மிகைப்படுத்திப் பேசிக்கொண்ட காலம் அது. 2004-ல் பிரிட்டனின் உதவித் துறை வழக்கத்தை மீறி ஒரு காரியம் செய்தது: சம்பளத்திலேயே கை வைத்தது. டாக்டர், நர்சு, மருத்துவ உதவியாளர் என்று 11 வகைப் பணியாளர்களுக்கு இருந்த சம்பளத்தோடு 52 சதவீதம் கூட்டிக் கொடுத்தார்கள். எய்ட்ஸ், காசநோய், மலேரியாவை எதிர்க்கும் உலக நிதியமும் பங்கு போட்டது. கூடவே பயிற்சிக் கல்லூரிகளை விரிவாக்கினார்கள், உள்ளூர் ஆட்கள் படித்து வரும்வரை வெளிநாட்டு டாக்டர்களைத் தற்காலிகமாக அமர்த்தினார்கள்.

பலன் தெரிந்தது. அந்த வகைகளில் 2004-ல் 5,453 பேர் வேலையில் இருந்தார்கள், 2009-ல் 8,369 பேர். சம்பளம் கூடியதால் மட்டும் இது நடந்துவிடவில்லை, கல்லூரிகளிலிருந்து புதிதாக வந்தவர்களே பெரும்பங்கு. ஆனால் வந்தவர்கள் நிற்க ஒரு காரணம் வேண்டுமே.

திட்டம் ஆறு ஆண்டோடு முடிந்தது. அதன் பிறகு, 2013-ல் மலாவி அரசுக் கருவூலத்தில் நடந்த பெருங்கொள்ளை வெளியே வந்தது. ‘கேஷ்கேட்’ என்று இன்றும் அங்கே சொல்கிறார்கள். அரசின் கையில் நேரடியாகப் பணம் கொடுப்பதை ஐரோப்பியர்கள் நிறுத்திக்கொண்டார்கள். திருடுகிறவன் கையில் எப்படிக் கொடுப்பது என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் திருடாத நர்சுக்குச் சம்பளம் வருவதும் அதே கையிலிருந்து. பின்னாளில், படித்து முடித்த நர்சுகளை வேலைக்கு எடுக்கச் சம்பள ஒதுக்கீடு இல்லை என்று அரசு காத்திருக்க வைத்ததையும் அந்த நாடு பார்த்தது. ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை, வெளியே படித்த ஆள் சும்மா இருக்கிறார்.

ஐரோப்பாவுக்கும் நர்சு பற்றாக்குறை. ஜெர்மனியின் உதவித் திட்டங்களை நடத்தும் அதே ஜி.ஐ.இசட். நிறுவனம், ஜெர்மன் அரசு வேலைவாய்ப்புத் துறையோடு சேர்ந்து வெளிநாட்டிலிருந்து நர்சுகளைக் கொண்டுவரும் ‘ட்ரிபிள் வின்’ என்ற திட்டத்தையும் நடத்துகிறது. 2021-ல் கேரள அரசின் நோர்கா நிறுவனம் அதில் கையெழுத்திட்டது. கேரளத்துக்கு இது ஒத்துவரும், அங்கே படித்தவர் அதிகம். மலாவி போன்ற நாடுகளை உலக சுகாதார நிறுவனம் தனிப் பட்டியலில் வைத்து, அங்கே போய் ஆள் பிடிக்காதீர்கள் என்கிறது. ஆனால் தானாக விண்ணப்பிக்கிறவரைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது.

வேலைவாய்ப்புக்கான உதவி என்று வரும்போது முறையே வேறு. இங்கே பணம் கொடுப்பதைவிட ஜாமீன் கையெழுத்துப் போடுவது அதிகம். ஆப்பிரிக்க வங்கி ஒன்று சிறுதொழில்காரருக்குக் கடன் கொடுக்கத் தயங்குகிறதா, கடன் திரும்பாவிட்டால் நஷ்டத்தில் ஒரு பகுதி எங்கள் பொறுப்பு என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். இப்படி 5,340 கோடி யூரோ வரை ஜாமீன் நிற்க இப்போதைய பட்ஜெட்டில் இடம் உண்டு. ஆனால் வங்கிக்குப் பிடித்தவர் ஏற்கெனவே கடை வைத்திருப்பவர். கால் இல்லாதவர், காது கேட்காதவர், கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் பெண் ஆகியோர் வரைக்கும் அந்தக் கையெழுத்து எட்டுவது அபூர்வம். அறிக்கைகளில் ‘உள்ளடக்கிய வேலைவாய்ப்பு’ என்று தனியாக ஒரு சொல் வருவது இதனால்தான்: யாரையும் வாசலில் நிறுத்தாத வேலை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. ஒப்பந்தத்தில் 2010 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியமே ஓர் அமைப்பாகச் சேர்ந்தது. அதன் 32-வது பிரிவின்படி, கொடுக்கும் உதவியும் அவர்களை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

இப்படிப்பட்ட வேலைவாய்ப்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் டாக்காவுக்கு வெளியே சாவருக்குப் போக வேண்டும். வாலரி டெய்லர் என்ற பிரிட்டிஷ் பிசியோதெரபிஸ்ட் 1979-ல் டாக்காவின் ஓர் ஆஸ்பத்திரி வளாகத்தில், பயன்படாமல் கிடந்த இரண்டு சிமென்ட் கிடங்குகளில், நான்கு நோயாளிகளோடு உடல் செயலிழந்தோருக்கான மறுவாழ்வு மையம் ஒன்றைத் தொடங்கினார். 1990-ல் அது சாவருக்கு வந்தது. மாமரத்திலிருந்து விழுந்தவர், தலைச்சுமையோடு வழுக்கியவர் என்று முதுகுத்தண்டு முறிந்தவர்கள் அங்கே வருவார்கள். சிகிச்சையோடு தையல் மெஷினும், எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேரும் கற்றுக்கொடுத்தார்கள். படுக்கையிலிருந்து எழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர், பிழைப்பு இல்லாமல் வீட்டுக்குப் போனால் ஒரே ஆண்டில் படுக்கைப் புண்ணோடு திரும்பிவிடுவார் என்பதை அங்கே இருந்தவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

2013 ஏப்ரல் 24 அன்று அதே சாவரில் ராணா பிளாசா இடிந்தது. ஐரோப்பியக் கடைகளுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தவர்களில் 1,100-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கை, கால் போனவர்கள் பலர் இந்த மையத்துக்கே வந்தார்கள். பிறகு ஜெர்மன் உதவியில் மாற்றுத்திறனாளிகளுக்கான வேலை மையம் ஒன்று சாவரில் ஏற்பட்டது. அதன் வேலை கேட்பதற்கு எளிது. ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும், மெஷினில் பழக்க வேண்டும், ஃபேக்டரி மேனேஜரிடம் பேச வேண்டும். மெஷினின் கால் பெடலைக் கையால் இயக்கும்படி மாற்றலாமா, கழிப்பறைக் கதவு நாற்காலி நுழையும் அகலமா, ஆர்டர் நெருக்கடியில் லைன் சூப்பர்வைசர் இவரை ஒதுக்கிவிடுவாரா என்பவை அடுத்துவரும் கேள்விகள். இவற்றில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. ஒரு மனிதர் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலையில் அடிபடுகிறவருக்கான காப்பீடும் அங்கே மெல்ல வருகிறது. 2022 ஜூனில் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் ஜி.ஐ.இசட்.டும் துணைநிற்க பங்களாதேஷ் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. ஆடை வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகள் விருப்பப்பட்டுப் போடும் பணத்திலிருந்து, நிரந்தரமாக ஊனமுற்றவருக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் மாதாமாதம் தொகை. ஒரே தடவையாகக் கையில் கொடுத்த இழப்பீடு கடன்காரனுக்கும் தங்கை கல்யாணத்துக்கும் போய்விடும் என்பது நமக்குத் தெரியாததா?

இப்போது பை சுருங்குகிறது. பிரிட்டன் 2021-ல் 0.7-லிருந்து 0.5-க்கு இறங்கியது. 2027-க்குள் 0.3 என்று 2025 பிப்ரவரியில் அறிவித்தது. மிச்சமாகும் பணம் ராணுவத்துக்கு. ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, பெல்ஜியம் எல்லாம் வெட்டுகின்றன. 2025 ஜூனில் பிரஸ்ஸல்ஸில் கவி கேட்டது 1,190 கோடி டாலர், வாக்குறுதி வந்தது 900 கோடிக்குச் சற்று மேல். ‘ஐ-இசட்’ வரி மட்டும் ஏறியிருக்கிறது: 2025 மார்ச் முதல் பாரிஸ்-சென்னை சாதாரண வகுப்புக்கே 40 யூரோ. ஆனால் அந்த உயர்வு பிரான்ஸ் அரசின் பட்ஜெட் ஓட்டையை அடைக்க வந்தது. பெயர் இன்னும் ஒற்றுமை வரிதான்.

வெட்டு வரும்போது எது முதலில் போகும் என்று ஊகிப்பது கடினமில்லை. தடுப்பூசியைக் குறைத்தால் செய்தி வரும், ஆகவே தள்ளிப்போடுவார்கள். ஃபேக்டரி ஃபேக்டரியாகப் போய், மெஷினில் பழக்கிவிட்ட பெண் இன்னும் வேலையில் இருக்கிறாளா, சக்கர நாற்காலிக்கான ரேம்பில் சரக்குப் பெட்டி அடுக்கிவிட்டார்களா என்று பார்த்துவரும் ஆளின் சம்பளமும் பஸ் கட்டணமும் பெரும்பாலும் திட்டக் கணக்கில் நிர்வாகச் செலவு என்ற தலைப்பின் கீழ் இருக்கும்.