ஏற்றத்தில் மட்டும் 'டொக் டொக்': பழைய கேரவனின் என்ஜின் சத்தம் என்ன சொல்கிறது?

கோவையிலிருந்து பாலக்காடு வரை வண்டி சமர்த்தாக ஓடும். நேரியமங்கலம் பாலம் தாண்டி மூணாறு ஏற்றம் தொடங்கியதும் கீழிருந்து 'டொக் டொக்'. மறுநாள் சமதளத்தில் மெக்கானிக்கிடம் காட்டினால், "ஒண்ணும் கேக்கலையே சார்" என்பார்.

இருவர் சொல்வதும் உண்மைதான். பாலக்காட்டுக் கணவாய் கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர்தான் உயரம். மூணாறு சுமார் 1,500 மீட்டர். கணவாயில் பாதி பலத்தில் ஓடிய என்ஜின், மலையில் முழுச் சுமையை இழுக்கிறது. தேய்ந்த பாகம் அப்போதுதான் வாயைத் திறக்கும்.

சினிமா ஷூட்டிங்கோடு மட்டும் சேர்த்துப் பேசப்பட்ட கேரவன் இப்போது இடுக்கியில் சுற்றுலா வண்டி. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. 2022 பிப்ரவரியில் வாகமனில் மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. பழைய டெம்போ டிராவலரை வாங்கி, கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு முதல் வேலை: அலமாரியைக் காலி செய்யுங்கள். 'என்ஜின் சத்தம்' பல நேரம் எவர்சில்வர் டம்ளர்தான்!

அதன் பிறகும் சத்தம் இருந்தால், அது எப்படிக் கேட்கிறது என்பதைவிட எதைப் பின்தொடர்கிறது என்று பாருங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதியுங்கள். சத்தமும் சேர்ந்து வேகமெடுத்தால் என்ஜின், அல்லது அது சுழற்றும் பெல்ட், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப். வண்டி உருளும்போது மட்டும் வந்தால் வீல் பேரிங், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பக்கம் தேட வேண்டும். கிளட்ச்சை மிதித்ததும் நின்றுவிட்டால் கியர்பாக்ஸ் பேரிங்; மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். இதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம்.

என்ஜின்தான் என்று தெரிந்தால் கொஞ்சம் கணக்கு. ஐடிலில் 750 ஆர்பிஎம் என்றால் கிராங்க் ஷாஃப்ட் நொடிக்கு 12.5 முறை சுற்றும். ஒரு வால்வு இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் திறக்கும். ஒரு நாசில் டீசல் அடிப்பதும் அப்படியே. போனில் பதிவு செய்து, ஆடியோ ஆப்பில் அலைவடிவத்தைப் பாருங்கள். நொடிக்கு ஆறு முட்டு என்றால் டேப்பட் அல்லது நாசிலாக இருக்க வாய்ப்பு அதிகம். பன்னிரண்டை ஒட்டி வந்தால் கிராங்க் பக்கம் சந்தேகம். ஆனால் ஆறு வந்துவிட்டது என்று நிம்மதியாகவும் முடியாது, பிக் எண்ட் பேரிங் சில நேரம் பவர் ஸ்ட்ரோக்கில் மட்டும் பலமாக அடிக்கும்.

அங்கே சூடு உதவும். டேப்பட் சத்தம் மெல்லிய 'டிக் டிக்'. பெரும்பாலும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் அதிகம். பேரிங் முட்டு கனமானது. ஆயில் சூடாகி நீர்த்துப்போனதும் கூடும், ஏற்றத்தில் இழுக்கும்போதும், சட்டென்று காலை எடுக்கும்போதும் தெளிவாகக் கேட்கும். மேல் கியரில் திணறும்போது மட்டும் வந்து, கியரைக் குறைத்ததும் மறைந்தால் பயம் குறைவு. ஓட்டும் விதத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல் என்ஜினில் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்த சிலிண்டர் என்று மெக்கானிக் கண்டுபிடிப்பார். நீங்கள் செய்யாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துவிடும். காமன் ரெயில் என்ஜினில் யாருமே இதைச் செய்யக் கூடாது.

நிறுத்துவதா, ஓட்டுவதா? தேனி பக்கமிருந்து போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே இந்தக் கேள்வி வந்தால் சிரமம்தான். கனமான முட்டு, கூடவே ஆயில் பிரஷர் விளக்கு எரிகிறது என்றால் பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டி உடனே ஆஃப் செய்யுங்கள். 'மேல போய்ப் பாத்துக்கலாம்' என்று போனால், பேரிங்கோடு முடிய வேண்டிய செலவு கிராங்க், கனெக்டிங் ராட், பிளாக் வரை போகலாம். ரிகவரி வண்டிச் செலவு அதற்கு முன் ஒன்றுமே இல்லை. வெறும் டேப்பட் சத்தம், ஆயில் அளவும் பிரஷரும் சரி என்றால் நிதானமாக ஊர் போய்ச் சேர்ந்து பார்க்கலாம்.

மெக்கானிக்குக்கு அனுப்பும்போது வாய்ஸ் நோட் வேண்டாம். சில போன்கள் பின்னணி இரைச்சல் என்று நினைத்து முட்டையே வடிகட்டிவிடும். வீடியோ எடுங்கள், எந்த கியர், ஏற்றமா இறக்கமா, என்ஜின் சூடா என்று அதிலேயே சொல்லிவிடுங்கள்.